ஊருக்கு ஒரு தொலைபேசி

நள்ளிரவு. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவரைப் பாம்பு கடித்துவிட்டது. அரசு மருத்துவமனை 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

“செல்பேசியில் 108-ஐ அழைப்போம்” என்பீர்கள். சரி, 1980-ஆம் ஆண்டில் அதே ஊரில் இருந்திருந்தால்? அன்று பெரும்பாலான கிராமங்களில் ஒரு தொலைபேசிகூடக் கிடையாது. யாராவது சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்த் தபாலாபீசுக்குப் போக வேண்டும். அதுவோ காலையில்தான் திறக்கும்!

இந்தியாவில் மட்டுமல்ல, உலகெங்கும் இதே கதைதான். 1985-இல் ஒரு சர்வதேச ஆணையம் இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அப்போது உலகில் இருந்த 60 கோடித் தொலைபேசிகளில் முக்கால் பங்கு வெறும் 9 நாடுகளில் இருந்தன. ஆப்பிரிக்கா முழுவதிலும் இருந்தவற்றைவிட டோக்கியோ நகரில் அதிகம்!

கிராமத்துக்குத் தொலைபேசி தருவதில் அப்படி என்ன கஷ்டம்? கம்பி இழுத்தால் போதாதா? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

நண்பர்கள் ஐந்து பேர் வட்டமாக நில்லுங்கள். ஒவ்வொருவரையும் மற்ற எல்லோருடனும் நூலால் இணையுங்கள். எத்தனை நூல் வேண்டும்? 10. பத்துப் பேர் நின்றால் 45. நூறு பேருக்கோ 4950! இதைத் தவிர்க்கத்தான் நடுவில் ஒரு தொலைபேசி இணைப்பகம். எல்லாக் கம்பிகளும் அங்கே வந்து சேரும். நூறு பேருக்கு நூறு இணைப்புகளே போதும். யார் யாருடன் பேச விரும்புகிறாரோ, அவர்களை இணைப்பகம் சேர்த்து வைக்கும்.

ஆனால் அந்த இணைப்பகமே கிராமத்தில் தாக்குப்பிடிக்கவில்லை. பழைய வகை இணைப்பகங்களில் ஆயிரக்கணக்கான உலோகத் தொடுமுனைகள் அசைந்து அசைந்து வேலை செய்யும். தூசியும் ஈரமும் பட்டால் அவை மக்கர் செய்யும். புதிதாக வந்த மின்னணு இணைப்பகங்களுக்கோ குளிர்சாதன அறை வேண்டும். மின்சாரமே நிலையாக வராத ஊரில் குளிர்சாதனத்துக்கு எங்கே போவது?

1984-இல் இந்திய அரசு ‘சி-டாட்’ என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியது. அதற்கு வித்திட்டவர் ஒரிசாவின் சிற்றூர் ஒன்றில் பிறந்த சாம் பிட்ரோடா. 36 மாதம், 36 கோடி ரூபாய் என்று கெடு வைத்துக்கொண்டு இளம் பொறியாளர்கள் வேலையில் இறங்கினார்கள். அவர்கள் படைத்த கிராமிய இணைப்பகத்தில் 128 முனைகள் இருந்தன. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சில்லுகளைப் பயன்படுத்தியதால் அதில் உண்டாகும் வெப்பமும் குறைவு. சூடான காற்று தானே மேலெழும், குளிர்ந்த காற்று கீழிருந்து உள்ளே வரும் அல்லவா? அந்த வெப்பச்சலனமே பெட்டியைக் குளிர வைத்தது. ஏ.சி. தேவைப்படவில்லை! 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில், ராணி சென்னம்மாவின் ஊரில், இது முதன்முதலாக இயங்கத் தொடங்கியது.

இந்தப் பெட்டி பலருடைய பேச்சை எப்படிக் கையாளுகிறது? உங்கள் குரலை வினாடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாக மாற்றிவிடுகிறது. ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் இடையே கிடைக்கும் நேரத்தில் மற்றவர்களுடைய எண்களை அனுப்பலாம். கல்யாணப் பந்தியில் ஒரே ஆள் வாளியுடன் ஓடி ஓடி 30 இலைகளுக்கும் ஒவ்வொரு கரண்டி பரிமாறுவதைப் போல! ஒரே தடத்தில் இப்படி 30 உரையாடல்கள் செல்ல முடியும். யாருக்கும் இடையில் அறுபட்டதாகத் தெரியாது.

இன்னொன்றும் முக்கியம். வீட்டுக்கு ஒரு தொலைபேசி என்பது அன்று எட்டாக் கனி. ஆனால் ஊருக்கு ஒன்று இருந்தால் ஊரே பேசலாமே! இப்படித்தான் மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் பெருகின. பலவற்றை மாற்றுத் திறனாளிகள் நடத்திப் பிழைத்தார்கள். அங்கிருந்த மீட்டருக்கு இணைப்பகம் துடிப்புகளை அனுப்பும். பேசும் ஊர் தூரமாக இருந்தால் துடிப்புகள் வேகமாக வரும், கட்டணமும் ஏறும். இரவில் கட்டணம் குறைவு. அதனால்தான் இரவு நேரத்தில் பூத் வாசலில் அத்தனை கூட்டம்! உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

இன்று செல்பேசி வந்து பூத்துகள் மறைந்துவிட்டன. ஆனால் பகிர்ந்துகொள்ளும் தத்துவம் மறையவில்லை. ஒரு செல்பேசிக் கோபுரத்தின் தடங்களும் குறைவுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அது ஊருக்கே சேவை செய்கிறது. திருவிழாக் கூட்டத்தில் இணைப்பு கிடைக்காமல் போவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

உங்கள் ஊருக்கு முதல் தொலைபேசி எந்த ஆண்டு வந்தது? அதற்கு முன்பு அவசரச் செய்தியை யார் எப்படிக் கொண்டுபோனார்கள்? பெரியவர்களிடம் விசாரித்து எழுதி வையுங்கள். அதுவும் அறிவியல் வரலாறுதான்!