சந்தையில் வாங்கிய மாடு சுகமாக வீடு வந்து சேர



ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையிலோ, மணப்பாறைச் சந்தையிலோ நல்ல கறவையாகப் பார்த்து வாங்கிவிட்டீர்கள். பல்லைப் பிடித்துப் பார்த்தீர்கள், மடியைப் பார்த்தீர்கள், சுழியைக்கூட விடவில்லை. ஏற்றிப்போகிற வண்டியின் தரையைப் பார்த்தீர்களா?

சில வருஷங்களுக்கு முன் என் சரகத்தில் ஒரு விவசாயி கடன் வாங்கி, எட்டு மாதச் சினைமாட்டைக் குட்டியானை வண்டியில் ஏற்றி வந்தார். வெறும் தகரத் தரை. பாதி வழியில் மாடு மூத்திரம் பெய்தது. அடுத்த வளைவில் பின்னங்கால் இரண்டும் அகண்டு விழுந்துவிட்டது. வீட்டு வாசலில் ஆறு பேர் சேர்ந்து இறக்கினோம். மாடு எழுந்திருக்கவே இல்லை. பதினோராம் நாள் போய்விட்டது. வயிற்றில் இருந்த கன்றும் போச்சு. கடன் மட்டும் நின்றது.

மாடு நின்றபடியே பிரயாணம் செய்கிற பிராணி. வண்டி ஆடும்போது காலை அகட்டி ஊன்றித்தான் சமாளிக்கும். ஊன்றின கால் வழுக்கினால் தொடைச் சதை கிழியும், இடுப்பு எலும்பு விலகும். நாலு விரல் கனத்துக்கு மணல் கொட்டி, மேலே வைக்கோல் பரப்பிவிட்டால் இந்த ஆபத்தில் பெரும்பகுதி தீர்ந்தது. அந்த மணலுக்கு என்ன பெரிய செலவு?

ஏற்றும்போது வாலை முறுக்குவது, கண்ணில் மிளகாய்ப்பொடி தூவுவது எல்லாம் வேண்டாம். மாடு தயங்குவது முரட்டுத்தனத்தினால் அல்ல. வண்டிக்கும் தரைக்கும் நடுவே தெரிகிற இடைவெளி அதற்குப் பள்ளமாகத் தோன்றும். வண்டியை ஒரு மேட்டோடு ஒட்டிப் பின்னால் விட்டு, இடைவெளியை வைக்கோலால் மூடுங்கள். கொஞ்சம் பொறுத்தால் தானே ஏறும்.

மூக்கணாங்கயிற்றை வண்டிக் கம்பியில் கட்டவே கூடாது. திடீரென்று பிரேக் போட்டால் மூக்கு கிழிந்துபோகும். கழுத்துக் கயிற்றைக் கட்டுங்கள். அதுவும் இழுத்தால் உடனே அவிழ்கிற முடிச்சாக இருக்கட்டும். மாடு விழுந்துவிட்டால் அடிக்காமல், வண்டியை நிறுத்தி முதலில் கயிற்றைத் தளர்த்துங்கள்.

இன்னொரு சங்கதி. மடி பெரிசாகத் தெரிய வேண்டுமென்று சில வியாபாரிகள் இரண்டு வேளைப் பாலைக் கறக்காமலே சந்தைக்கு ஓட்டி வருவார்கள். பார்க்க அழகுதான், மாட்டுக்கோ உயிர் போகிற வேதனை. அந்தக் கட்டின மடியோடு குலுங்கி வந்தால் மடிநோய் வருவது சுலபம். விலை பேசி முடித்ததும் பாலைக் கறந்துவிட்டே ஏற்றுங்கள். கறந்து பார்த்தால் காம்பில் குறை இருந்தாலும் அங்கேயே தெரிந்துபோகும்!

வாடகையை மிச்சம் பிடிக்க நாலைந்து பேர் சேர்ந்து ஒரே லாரியில் ஏற்றுவது உண்டு. 1978-ஆம் வருஷத்து விதிகளின்படி சாதாரணச் சரக்கு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் கூடாது. பிரயாணத்துக்குத் தகுதியானது என்று கால்நடை மருத்துவரின் சான்றும் வேண்டும். அதற்காக, பெரிய லாரியில் ஒற்றை மாட்டை விட்டால் அதுவும் இங்குமங்கும் தூக்கிப் போடும். குறுக்கே மூங்கில் கட்டி இடத்தைச் சுருக்கிக் கொள்ளுங்கள். கோடையில் உச்சி வெயில் நேரத்தைத் தவிர்த்து, விடியற்காலையில் புறப்படுங்கள்.

வீடு வந்ததும் தவிட்டையும் புண்ணாக்கையும் கொட்டிவிடாதீர்கள். அன்றைக்குத் தண்ணீரும் வைக்கோலும் போதும். அடர்தீவனத்தை மறுநாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சந்தையில் பல ஊர் மாடு கலந்து நிற்பதால் கோமாரி போன்ற நோய் ஒட்டியிருக்கலாம். மூன்று வாரம் மற்ற மாடுகளோடு சேர்க்காமல், தனிக் கொட்டகையில், தனித் தொட்டியில் தண்ணீர் காட்டுங்கள். இதற்குள் வாயில் எச்சில் நூலாக வடிந்தாலோ, காலை நொண்டினாலோ, பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். அவசரமென்றால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.