சரஸ் பயணிகள் விமானம்

சரஸ் என்பது பெங்களூரில் உள்ள தேசிய வானூர்தியியல் ஆய்வகம் வடிவமைத்த, 14 இருக்கைகள் கொண்ட சிறிய பயணிகள் விமானம் ஆகும். இதற்கு முன் கான்பூரில் கட்டப்பட்ட ஆவ்ரோ 748 பெரியதுதான். ஆனால் அதன் வடிவமைப்பு பிரிட்டனுடையது.

சரஸ், ஜெட் விமானம் அன்று; டர்போபிராப் வகை. எஞ்சினில் எரியும் வாயு விசையாழியைச் சுழற்ற, அது வெளியிலுள்ள விசிறியைச் சுழற்றும். வழக்கமாக விசிறிகள் இறக்கையின் முன்புறம் நின்று விமானத்தை இழுக்கும். சரஸில் அவை வால் பக்கம் இருந்து தள்ளுகின்றன. இத்தகைய சிறு விமானங்களுக்கு நீண்ட ஓடுதளம் தேவையில்லை. வேலூர், நெய்வேலி போன்ற ஊர்களுக்கு இவையே ஏற்றவை.

புதிய விமானத்தை மக்கள் முன் காட்டும் விழாவை வைத்து அது தயாராகிவிட்டதாக எண்ணக்கூடாது. போயிங் 787 விமானம் 2007 ஜூலை 8 அன்று கோலாகலமாகக் காட்டப்பட்டது. அப்போது அதன் உள்ளே பல கருவிகள் இல்லை. பல இடங்களில் தற்காலிக ஆணிகளே இருந்தன. அது பறந்தது 2009 டிசம்பரில், பயணிகளை ஏற்றியது 2011 அக்டோபரில். புதுத் தேருக்கு ஒருநாள் வெள்ளோட்டம் போதும். விமானத்திற்கோ அது ஆண்டுக்கணக்கில் நடக்கும்.

சரஸின் முதல் மாதிரி 2004 மே 29 அன்று பறந்தது. சிக்கல் எடையில் இருந்தது. திட்டமிட்ட வெற்று எடை சுமார் 4,125 கிலோ. கட்டி முடித்தபோது இருந்ததோ சுமார் 5,118 கிலோ. கூடிய எடை, ஏறத்தாழ 14 பயணிகளின் எடைக்குச் சமம்! ஆட்களே ஏறாமல் முழுச்சுமை ஏறிவிட்டது போலத்தான். ஆற்றல் மிகுந்த எஞ்சின்களுடன் இரண்டாவது மாதிரி 2007-இல் பறந்தது.

2009 மார்ச் 6 அன்று, அந்த இரண்டாவது மாதிரியில் ஓர் எஞ்சினை வானில் வேண்டுமென்றே நிறுத்தி மீண்டும் இயக்கும் சோதனை நடந்தது. எஞ்சின் நின்றால் என்னாகும் என்பதைப் பயணிகள் ஏறுவதற்கு முன்பே அறிந்தாக வேண்டுமல்லவா? விமானம் பிடதி அருகே விழுந்து நொறுங்கியது. விமானப்படையைச் சேர்ந்த பிரவீன் கோட்டேகொப்பா, தீபேஷ் ஷா, இளையராஜா ஆகிய மூவரும் உயிரிழந்தனர். எஞ்சினை மீண்டும் இயக்க வடிவமைப்பாளர்கள் வகுத்துத் தந்த முறை தவறானது என்றும், போதிய உயரமின்றி அது செய்யப்பட்டது என்றும் விசாரணை அறிக்கை கூறியது. சொல்லிக் கொடுத்தபடி செய்தவர்களே மாண்டனர் என்பதுதான் இதில் வேதனையானது.

பின்னர்த் திட்டம் முடங்கியது. முதல் மாதிரியையே திருத்தியமைத்து 2018 ஜனவரி 24 அன்று பெங்களூரில் மீண்டும் பறக்கவிட்டனர். அதன் அடுத்த வடிவம் 19 இருக்கைகளுடன் திட்டமிடப்பட்டது.