தியானம்: பழகுவதும் எதிர்பார்ப்பதும்

போயா தினத்தன்று யட்டவத்தப் பகுதியில் ஏதேனும் ஒரு பன்சலையைக் கடந்து சென்றால், வெள்ளை உடுத்திச் ‘சில்’ எடுத்த முதியவர்கள் கண்களை மூடி அமர்ந்திருப்பதைக் காணலாம். தோட்டத்து லயங்களில் வாழும் நம்மவர்கள் இதைச் சிறு வயது முதல் பார்த்தே வளர்கின்றனர். ஆயினும் “அது அவங்க விசயம்” என்று சொல்லிக் கடந்துவிடுவதே வழக்கம். அண்மைக் காலமாக நிலைமை மாறி வருகிறது. கைத்தொலைபேசியில் யாரோ ஒருவர் தியானத்தால் நீரிழிவு குணமாகும் என்கிறார். இன்னொருவர் கடன் தீரும் என்கிறார். எங்கள் மாலைக் கூட்டங்களுக்கு வரும் பெண்கள் இதைப் பற்றிக் கேட்கத் தொடங்கியதால், நாங்களும் அவர்களோடு சேர்ந்து பழகத் தொடங்கினோம். அவ்வாறு பழகியதில் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

சிங்கள மக்கள் தியானத்தைப் ‘பாவனா’ என்பர். நமது நாட்டுத் தமிழில் பாவனை என்றால் உபயோகம். மின்சாரப் பாவனை, உரப் பாவனை என்கிறோம். பாளி மொழியிலோ அச்சொல்லுக்கு வளர்த்தெடுத்தல் என்று பொருள். விவசாயிகளுக்கு இது எளிதில் விளங்கும். நட்ட மிளகுக் கொடி காய்க்க ஏறத்தாழ மூன்று வருடங்கள் செல்லும். மறுநாளே கொடியைப் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்ப்பவன் மிளகு பறிக்கமாட்டான்.

மாத்தளைக்கு இவ்விடயம் புதியதன்று. நகருக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில்தான், வாய்மொழியாக வழங்கிவந்த பௌத்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்டதாக மரபு கூறுகிறது. மூச்சைக் கவனிக்கும் முறை அதிலே விளக்கப்பட்டுள்ளது. எனினும் தியானம் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய சொத்து அல்ல. 1950களில் மலாயாவில் பிரித்தானிய அரச சேவையில் இருந்த ஜோன் மெயின் என்பவர், கோலாலம்பூரில் ஓர் இந்து சுவாமியிடம் தியானம் கற்றார். பின்னர் பெனடிக்ற் சபைத் துறவியான அவரே, கிறிஸ்தவ மரபிலும் இத்தகைய மௌனச் செபம் ஆதியிலிருந்தே உண்டெனக் கண்டு, பலருக்கும் அதைக் கற்பித்தார்.

இனி, பழகும் முறை. சம்மணமிட்டு அமர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாள் முழுவதும் கூடை சுமந்த முதுகுக்குக் கதிரையே நல்லது. முதுகை நேராக வைத்து, தோள்களைத் தளர்த்தி, மூக்கின் வழியாகக் காற்று போய் வருவதைக் கவனிக்க வேண்டும். மூச்சை அடக்கவோ இழுத்துப் பிடிக்கவோ கூடாது. ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் ஒன்று, இரண்டு என எண்ணிப் பத்துக்கு வந்ததும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கலாம். எங்களில் எவரும் முதல் நாள் பத்தை எட்டவில்லை. மூன்றாவது மூச்சிலேயே மனம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கோ பிள்ளையின் பாடசாலைக்கோ போய்விடுகிறது. “ஐயா, கண்ண மூடுனா கடன்காரன் முகந்தான் வருது” என்றார் ஓர் அக்கா. எல்லோரும் சிரித்தோம். ஐந்தாம் நிமிடத்தில் பின்வரிசையிலிருந்து குறட்டைச் சத்தமும் கேட்டது.

மனம் ஓடிப்போவதைத் தோல்வி என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. ஓடிப்போயிற்று என்று அறிந்து, கோபப்படாமல் மீண்டும் மூச்சுக்கு வருவதுதான் பயிற்சியே. பத்து நிமிடத்தில் முப்பது முறை ஓடினால் முப்பது முறை திரும்பி வரும் பழக்கம் கிடைக்கிறது. மனதை வெறுமையாக்க முயல்பவர்கள் தலைவலியோடுதான் எழும்புவார்கள்.

“எங்களுக்கு ஏது நேரம்?” என்பது நியாயமான கேள்வி. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, வேலைக்கு ஓடும் தாய்க்குப் பத்து நிமிடம் பெரிய தொகை. வீட்டு ஆண்கள் அந்நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டால் அது கிடைக்கும் என்று நாங்கள் சொன்னபோது, ஆண்கள் பக்கத்தில் பேச்சே இல்லை. பேராதனைக்கு அண்மையில் ஹிந்தகலையிலுள்ள தம்ம கூட நிலையத்தில் பத்து நாள் விபாசனா பயிற்சி நடைபெறுகிறது. கட்டணம் இல்லை, விரும்பியவர்கள் நன்கொடை கொடுக்கலாம். ஆனால் பத்து நாள் சம்பளத்தை இழந்து செல்ல நாட்கூலித் தொழிலாளியால் இயலுமா? ஆகவே வீட்டில் தினமும் பத்து நிமிடம் என்பதையே நாங்கள் சிபாரிசு செய்கிறோம்.

இதனால் கிடைப்பது என்ன? வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது, தசைகள் தளர்கின்றன. இது உடலின் இயல்பு, அற்புதம் அன்று. 1979இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் கபாட்-சின் என்பவர், நாட்பட்ட வலியுள்ள நோயாளருக்காகப் பயிற்சியொன்றை ஆரம்பித்தார். அதன் பின் ஆய்வுகள் பெருகின. 2014இல் 47 ஆய்வுகளை, அதாவது 3,515 பேரின் முடிவுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைவது தெரிந்தது. ஓரளவு என்ற சொல்லைக் கவனிக்கவும். மருந்து, தேகப்பயிற்சி போன்றவற்றைவிடத் தியானம் சிறந்தது என்பதற்கு அங்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை, வழமையான சிகிச்சைக்குத் துணையாக மட்டும் தியானத்தைக் கொள்ளலாம் என 2017இல் அமெரிக்க இதயச் சங்கம் அறிவித்தது.

இந்தத் ‘துணை’ என்ற சொல்லை முதல் நாளே அழுத்திச் சொல்லாதது எங்கள் குற்றம். கூட்டத்துக்கு ஒழுங்காக வந்த ஒரு தாய், மனம் அமைதியாகிவிட்டதே என்று பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரத்தின் பின் மலையில் கொழுந்து பறிக்கும்போது தலைசுற்றி விழுந்தார். கிளினிக்கில் அளந்தபோது அழுத்தம் மிக உயர்ந்திருந்தது. உயிருக்கு ஆபத்தின்றித் தப்பினார். அவருடைய மகள் எங்களிடம் வந்து, “நீங்கதானே மூச்சப் பாருங்கன்னு சொன்னீங்க” என்றாள். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. அன்று முதல், குளிசை எடுப்பவர்கள் யார் யார் என்று கேட்டுவிட்டே தொடங்குகிறோம்.

மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களும், போரிலோ வன்முறையிலோ கொடுமைகளைக் கண்டவர்களும் வைத்தியரைக் கேளாமல் நீண்ட மௌனப் பயிற்சிகளுக்குப் போகக்கூடாது. கண்ணை மூடியதும் பழைய காட்சிகள் எழுந்து பயமுறுத்துமாயின் உடனே கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படுவதை உணர்ந்து, எழுந்து நடப்பதே நல்லது.

கடன் விடயத்துக்கு வருவோம். மூச்சை எண்ணினால் வட்டி குறையாது, சம்பளமும் கூடாது. கூடும் என்று சொல்பவன் ஏமாற்றுகிறான். பொறுமையாய் இரு என்று தொழிலாளிக்குப் போதிக்கும் கருவியாகத் தியானத்தைப் பயன்படுத்துவதை நாங்கள் ஏற்கவில்லை. ஆனால் கடன்காரன் முகம் வருகிறது என்ற அந்த அக்கா, சில மாதங்களின் பின் வேறொன்று சொன்னார். முன்பெல்லாம் வசூலிக்க வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பின்கதவால் ஓடி ஒளிந்து, அந்தக் கோபத்தைப் பிள்ளைகள் மீது காட்டுவாராம். இப்போது நாலு மூச்சு எண்ணிவிட்டுக் கொப்பியை எடுத்து முன்னால் வருகிறார். கட்டியது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று கேட்கிறார். அவ்வாறு கேட்டதில் இரண்டு தவணைகள் பதியப்படாதிருந்தது தெரியவந்தது.

குளிசையை நிறுத்திய அந்தத் தாயும் மீண்டும் வருகிறார். இரவு குளிசையை விழுங்கிய பின்னரே கதிரையில் உட்காருகிறார். அடுத்த காம்பராவில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருப்பதால் ஏழுக்கு மேல் எண்ண முடியவில்லை என்பதுதான் இப்போது அவருடைய முறைப்பாடு.