கூட்டம் இருக்குமிடத்திற்கே கூட்டம் வரும்



சங்கரன்கோவில் வட்டாரத் தோட்டங்களில் பறிக்கும் மல்லிகை ஏன் சங்கரன்கோவில் பூச்சந்தைக்கே போகிறது? அங்கே வியாபாரிகள் பலர் கூடுகிறார்கள். வியாபாரிகள் ஏன் அங்கே கூடுகிறார்கள்? அங்கேதான் பூ நிறைய வருகிறது. நாளையே நம் கரிவலம்வந்தநல்லூரில் ஒருவர் இதைவிட நல்ல கொட்டகை போட்டுச் சந்தை திறந்தாலும், முதல் நாள் விற்பவரும் வரமாட்டார், வாங்குபவரும் வரமாட்டார். இதனைப் பொருளியல் அறிஞர்கள் 'வலைப்பின்னல் விளைவு' என்பர். வீடியோ கேம் உலகை ஆள்வதும் இதுவே.

1998-இல் ஜப்பானின் சேகா நிறுவனம் 'ட்ரீம்காஸ்ட்' என்ற விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. நல்ல கருவிதான். ஆனால் 2000-இல் சோனியின் 'பிளேஸ்டேஷன் 2' வந்தது. முந்தைய பிளேஸ்டேஷன் ஆட்டங்களும் அதில் ஓடின. எனவே பழைய கூட்டம் அப்படியே அதற்கு மாறியது. 'எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்' என்னும் பெரிய நிறுவனமோ ட்ரீம்காஸ்டுக்கு ஆட்டமே தயாரிக்கவில்லை. ஆட்டம் குறைந்தால் ஆள் குறையும். ஆள் குறைந்தால் ஆட்டமும் குறையும். 2001-இல் சேகா கருவி செய்வதையே கைவிட்டது.

நம் நாட்டிலும் இதைக் கண்டோம். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 'பப்ஜி மொபைல்' உட்பட 118 செயலிகளைத் தடை செய்தது. 2021 ஜனவரி 26 அன்று 'ஃபௌஜி' என்ற இந்திய ஆட்டம் வந்தது. பலர் ஆவலுடன் பார்த்தனர். ஆனால் தொடக்கத்தில் அதில் நண்பர்களோடு சேர்ந்து ஆட வழியில்லை. அதே ஆண்டு ஜூலையில் கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் பழைய ஆட்டத்தையே கொண்டுவந்தது. பழைய கணக்கை மாற்றிக்கொள்ளவும் வழி செய்தது. பிரிந்த கூட்டம் திரும்பி வந்தது.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. ஒரு கம்பெனி சிம்மிலிருந்து வேறு கம்பெனி சிம்முக்குப் பேசுகிறோமல்லவா? அதுபோல, வெவ்வேறு கருவி வைத்திருப்போரும் சேர்ந்து 'ஃபோர்ட்நைட்' ஆடுவதற்கு 2018 செப்டம்பரில் சோனி இசைந்தது. கதவு திறந்தால், கூட்டத்தைப் பார்க்காமல் தரத்தைப் பார்த்து வாங்கலாம்.

"அதையே ஏன் விளையாடுகிறாய்?" என்று என் தம்பியிடம் கேட்டேன். "எல்லாரும் அதில்தானே இருக்காங்க அக்கா!" என்றான். ஆட்டம் நன்றாக இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை. பெற்றோர்களே, ஒரு பிள்ளையை மட்டும் நிறுத்தச் சொன்னால் அவன் ஆட்டத்தோடு தோழர்களையும் இழக்கிறான். ஒரு தெருப் பெற்றோர் கலந்து பேசி எல்லாருக்கும் ஒரே நேரம் வகுத்தால் அந்த வருத்தம் இராது. கூட்டம் இழுத்த பிள்ளைகளைக் கூட்டமாகவே மீட்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி