அடுத்து எந்த இசைத்தட்டு?



வானொலியில் ஒரு பாட்டு முடிகிறது, மற்றொன்று தொடங்குகிறது. இடையே கழிவது இரண்டொரு நொடிதான். அந்த இரண்டொரு நொடிக்குப் பின்னால் ஒரு மனிதரின் முடிவு இருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு? இக்கேள்விக்கு விடை காண்பதையே தொழிலாகக் கொண்டவர் உலகில் பலர் உளர். அவர்களுள் ஒருவர் கண்ட விடை, ஒரு பெருநகரத்தில் ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கிய இளைஞர் இரு சாராரை எவ்வாறு நெருங்கச் செய்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இசைத்தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கச் செய்து, கூடியிருப்போரைக் கேட்கவும் ஆடவும் வைப்பவரை டி.ஜே. என்பர், டிஸ்க் ஜாக்கி என்னும் தொடரின் சுருக்கம் அது. அவர்முன் பெரும்பாலும் இரண்டு சுழல்தட்டுகள் இருக்கும். ஒன்றில் ஓடும் இசை கூடம் முழுவதும் கேட்கும். மற்றொன்றில் அடுத்து வரவேண்டிய இசைத்தட்டை வைத்து, ஹெட்போன் வழியே அவர் மட்டும் கேட்பார். அதன் தாளம் முன்னதன் தாளத்தோடு பொருந்தும் வரையில் சுழலும் வேகத்தைச் சற்றே கூட்டுவார் அல்லது குறைப்பார். பின்னர் ஒன்றன் ஒலியைத் தணித்து, மற்றதன் ஒலியை உயர்த்துவார். திறமையாகச் செய்தால், ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கிய இடம் எதுவென்று கேட்போருக்குத் தெரியாது. இக்காலத்தில் இசைத்தட்டின் இடத்தைக் கணிப்பொறி பெரிதும் பிடித்துக்கொண்டது. ஆயினும் வேலையின் இயல்பு மாறவில்லை.

ஆனால் இக்கைத்திறன் அத்தொழிலில் ஒரு பாதியே. மற்றப் பாதியை அறிய ஜமைக்கா தீவுக்குச் செல்லவேண்டும். பெரிய ஒலிபெருக்கிகளைத் திறந்தவெளியில் அடுக்கி, இசைத்தட்டுகளை முழங்கவிட்டு மக்கள் ஆடி மகிழும் வழக்கம் அங்கே 1950-களில் ஓங்கி வளர்ந்தது. அதற்குச் சவுண்ட் சிஸ்டம் என்று பெயர். அம்மரபில் டி.ஜே. என்பவர், ஒலிவாங்கியைப் பிடித்து இசையின் மேல் தாளத்தோடு பேசுபவர். இசைத்தட்டை எடுத்து வைப்பவருக்கோ செலக்டர், அதாவது தேர்ந்தெடுப்பவர், என்று பெயர். எத்தனை பொருத்தமான பெயர்! எதன் பக்கத்தில் எதை வைப்பது என்னும் தேர்வே அத்தொழிலின் உயிர்.

இப்பொழுது லண்டன் மாநகருக்கு வருவோம். 1976-ஆம் ஆண்டின் இறுதியில், காவென்ட் கார்டன் பகுதியின் நீல் தெருவில், ராக்ஸி என்னும் சிறிய இரவுக் கிளப் ஒன்று திறக்கப்பட்டது. 1977 ஜனவரி முதல் நாளன்று தி கிளாஷ் என்னும் குழு அங்கே பாடியது. அக்காலத்தில் புதிதாய்த் தோன்றிய பங்க் இசைக்கென்றே அமைந்த இடம் அது. பங்க் இசையாவது யாது? மூன்று நான்கு சுரக்கோவைகளைக் கிதாரில் வாசிக்கத் தெரிந்தாலே போதும், மேடையேறிவிடலாம் என்ற துணிவில் பிறந்த இசை அது. பாடல் இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும்; வேகம் மிகுதி; சத்தமும் மிகுதி. வேலை கிடைக்காமலும் வருங்காலம் புலப்படாமலும் சினங்கொண்டிருந்த இளைஞர்களின் குரல் அதில் ஒலித்தது.

ராக்ஸியில் இசைத்தட்டு இசைக்கும் பொறுப்பு டான் லெட்ஸ் என்னும் இளைஞரிடம் வந்தது. அவர் 1956-இல் லண்டனில் பிறந்தவர். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறியவர்கள். அதற்குமுன் கிங்ஸ் ரோடில் ஒரு துணிக்கடையை அவர் நடத்தி வந்தார். கடையில் எந்நேரமும் ஜமைக்கா நாட்டு இசை முழங்கிக்கொண்டிருக்கும்.

பொறுப்பை ஏற்றவருக்கு ஒரு சிக்கல் எழுந்தது. ஒரு குழு பாடி இறங்கி மறு குழு ஏறும் வரையில், இடைவேளை முழுவதையும் இசைத்தட்டுகளால் நிரப்பவேண்டும். பங்க் இசைத்தட்டுகளையே போடலாம் என்றால், அவை எங்கே இருந்தன? இங்கிலாந்தின் முதல் பங்க் தட்டு என்று பொதுவாகக் கருதப்படும் தி டேம்ன்டு குழுவின் பாடல், 1976 அக்டோபரில்தான் வெளிவந்திருந்தது. ஓர் இரவை நிரப்பும் அளவுக்கு அவ்விசையில் தட்டுகளே பிறக்கவில்லை! ஆகவே லெட்ஸ் தம்மிடம் இருந்தவற்றை, தாம் விரும்பியவற்றைக் கொண்டுவந்தார். அவை ரெகே இசைத்தட்டுகள். சிறப்பாக, டப் என்னும் வகையைச் சேர்ந்தவை.

டப் இசையின் பிறப்பும் அறியத்தக்கது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் ஆஸ்போர்ன் ருடாக் என்னும் மின்கருவி வல்லுநர் இருந்தார். கிங் டப்பி என்னும் பெயரால் புகழ்பெற்றவர் அவரே. வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்த கை அவருடையது. பதிவான பாடலிலிருந்து குரலைப் பெரும்பாலும் நீக்கி, முரசின் அடியையும் மந்தர ஒலி எழுப்பும் பேஸ் கிதாரையும் முன்னிறுத்தி, இடையிடையே எதிரொலி கூட்டிப் புதியதோர் இசையை அவர் அமைத்தார். வீட்டின் சுவர்களை எடுத்துவிட்டுத் தூண்களை மட்டும் காட்டுவது போன்றது அது. நடையோ மிக நிதானமானது.

பங்க் ஓடுகிறது, டப் நடக்கிறது. முன்னது காதை அறைகிறது. பின்னது நெஞ்சில் அதிர்கிறது. இவ்விரண்டின் தாளத்தையும் வேகம் கூட்டிக் குறைத்துப் பொருத்திவிட இயலாது. பின் எவ்வாறு ஒத்துப்போயின? முதலாவது, வேறுபாடே உதவியாயிற்று. பேரோசையில் களைத்த செவிக்கு நிதானமான இசை ஓய்வு தந்தது. ஓய்ந்த செவி அடுத்த குழுவின் வேகத்தைப் புதிதாய்க் கேட்டது. இரண்டாவது, இரண்டும் எளியோர் கையிலிருந்த கருவிகளைக் கொண்டு தாமே ஆக்கியவை. மூன்றாவது, ரெகே பாடல்களுள் பல வறுமையையும் காவலர் கெடுபிடியையும் பாடின. தம் குறையை வேறொரு நாவும் சொல்லக் கேட்ட இளைஞர், அந்நாவை அயலது என்று ஒதுக்கவில்லை.

இதில் அப்படி என்ன பெரிய செய்தி இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அக்காலச் சூழ்நிலையை நினைத்துப் பார்க்கவேண்டும். 1948-இல் விண்ட்ரஷ் என்னும் கப்பல் கரீபியன் தீவுகளின் மக்களை இங்கிலாந்தில் கொண்டுவந்து இறக்கியது. பின்னும் பல்லாயிரவர் வந்தனர். 1970-களில் அவர்களையும் ஆசியரையும் நாட்டைவிட்டே விரட்டவேண்டும் என்ற கூச்சல் தெருக்களில் கேட்டது. 1976 ஆகஸ்டில், புகழ்மிக்க கிதார்க் கலைஞர் ஒருவரே பர்மிங்காம் மேடையில் குடியேறியோருக்கு எதிராகப் பேசினார். அத்தகைய வேளையில், வெள்ளையர் மிகுந்த கூடத்தில் ஒரு கருநிற இளைஞர் தம் பெற்றோர் நாட்டின் இசையை அச்சமின்றி ஒலிக்கவிட்டார். கூடியிருந்தோர் அதை விரும்பிக் கேட்டனர். லெட்ஸின் நண்பர்களான கருநிற இளைஞர்களும் அங்கே வரத் தொடங்கினர்.

விதைத்தது வீண்போகவில்லை. எனினும் எல்லாவற்றையும் அவர் ஒருவரே விளைத்தார் என்று கூறுவது மிகை. தி கிளாஷ் குழுவின் பால் சிமனன், கரீபியன் மக்கள் வாழ்ந்த பிரிக்ஸ்டன் பகுதியில் வளர்ந்து முன்பே ரெகே கேட்டுப் பழகியவர். 1977 ஏப்ரலில் வெளிவந்த அக்குழுவின் முதல் தொகுப்பில், ஜமைக்காவின் ஜூனியர் மர்வின் பாடிய ரெகே பாடல் ஒன்று பங்க் நடையில் இடம்பெற்றது. அதே ஆண்டில் பாப் மார்லி, இரு இசையினரும் கூடும் விருந்தைப் பற்றியே ஒரு பாடலை வெளியிட்டார். 1978 ஏப்ரல் 30 அன்று, இனவெறிக்கு எதிராக லண்டன் விக்டோரியா பூங்காவில் பல்லாயிரவர் கூடினர். அங்கே பங்க் குழுவான தி கிளாஷும், ரெகே குழுவான ஸ்டீல் பல்ஸும் ஒரே மேடையில் இசைத்தன.

இசையால் பகை முற்றும் ஒழிந்ததா? இல்லை. 1981-இல் பிரிக்ஸ்டன் தெருக்கள் கலவரத்தில் எரிந்தன. ராக்ஸியும் 1978-இலேயே மூடப்பட்டது. ஆனால் ஒருமுறை விரும்பிக் கேட்ட இசையைச் செவி மறப்பதில்லை. அதை ஆக்கிய மக்களை முன்போல் வெறுப்பதும் எளிதன்று.

முடிக்குமுன் என் குறை ஒன்றையும் கூறிவிடுகிறேன். தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒலிபெருக்கியில் போடவேண்டிய பாடல்களின் பட்டியலை மாணவர்கள் என்னிடம் கொண்டுவருவார்கள். எனக்குத் தெரியாத பாடல்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். அவற்றுள் ஒன்றையேனும் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டேனா என்றால், இல்லை. அப்பட்டியலை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பிய பிள்ளைகளின் முகம் இன்றும் நினைவில் நிற்கிறது. உங்கள் கையில் நாளை ஏதேனும் ஒரு பட்டியல் வரும். பாட்டுப் பட்டியலாக இருக்கலாம். நூலகத்துக்கு வாங்கும் நூல்களின் பட்டியலாகவும் இருக்கலாம். அடிப்பதற்கு முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.