வேகம் குறைந்த வீட்டு இணையம்: காரணமும் பரிகாரமும்

 

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிக் கதவுகள் மூடப்பட்டன, வீடே வகுப்பறையாயிற்று. பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்ட பின்னரும் அவ்வழக்கம் முற்றாக மறைந்துவிடவில்லை. இல்லப்பாடம் கைப்பேசி வழியே வருகிறது; கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் பாடநூல்கள் கிடைக்கின்றன. இவற்றிற்காகவே பல குடும்பங்கள் உழைத்து ஈட்டிய ஊதியத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் இணையக் கட்டணமாகச் செலுத்துகின்றன.

அவ்வாறு செலுத்தியும், மாலையில் பிள்ளை பாடத்தைத் திறக்கும்போது திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதுண்டு. உடனே, “இதைவிடப் பெரிய திட்டம் எடுத்தால் சரியாகிவிடும்” என்று எண்ணிக் கூடுதல் கட்டணத்திற்கு ஒப்பமிடுவோர் உளர். காரணம் வேறாக இருப்பின் வெள்ளிதான் செலவாகும். வட்டம் சுற்றுவது நிற்காது. நோய் இன்னதென்று அறிந்த பின்னரே மருந்து தேடுதல் அறிவுடைமை. அதற்கான எளிய வழியை இக்கட்டுரை விளக்கும்.

தடை நேரும் மூன்று இடங்கள்

இணையம் நம் கைக்கு வரும் வழியில் மூன்று இடங்களில் தடை நேரலாம். முதலாவது, வெளியிலிருந்து வீட்டிலுள்ள ரூட்டர் வரை வரும் இணைப்பு. அது கண்ணாடி இழைக் கம்பி வழியாகவோ, தொலைத்தொடர்புக் கோபுரத்தின் அலை வழியாகவோ வருகிறது. இரண்டாவது, ரூட்டரிலிருந்து கைப்பேசிக்குக் காற்றில் செல்லும் வைஃபை அலை. மூன்றாவது, வீட்டிலுள்ள பல கருவிகள் அவ்விணைப்பைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை.

பங்கீட்டை ஒரு கணக்கால் அறிவோம். ஒரு வீட்டின் திட்டம் நொடிக்கு 10 மெகாபிட் என்று கொள்வோம். தொலைக்காட்சியில் தெளிவான படம் ஓட ஏறத்தாழ 5 மெகாபிட் தேவை. இரு கைப்பேசிகளில் காணொளி ஓடினால், ஒவ்வொன்றும் 2 மெகாபிட் என வைத்து, மேலும் 4 போகும். எஞ்சுவது 1 மெகாபிட். அதைக் கொண்டு பிள்ளை இயங்கலை வகுப்பில் ஆசிரியரின் முகத்தைத் தெளிவாகக் காண்பது அரிது. ஒரே குழாய்த் தண்ணீரை நான்கு வீட்டார் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் கடைசி வீட்டுக்குச் சொட்டு நீர்தானே வரும்!

வைஃபை அலையின் இயல்பையும் அறிதல் வேண்டும். ஆசிரியர் கேள்வி கேட்கும்போது மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராகத்தான் விடை கூறலாம்; அனைவரும் ஒருங்கே பேசினால் ஒன்றும் விளங்காது. ஒரே அலைவழியிலுள்ள கருவிகளும் அவ்வாறே முறை வைத்துப் பேசுகின்றன. கடைசி வரிசையில் மெல்லிய குரலில் பேசும் மாணவனை மீண்டும் மீண்டும் சொல்லச் சொல்ல, வகுப்பு முழுவதும் காத்திருக்க நேர்கிறது. அதுபோலவே, தொலைவான அறையில் அலை குன்றிய நிலையிலுள்ள ஒரு கைப்பேசி, தன் முறைக்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள கருவிகளையும் தாமதப்படுத்துகிறது.

மூன்று சோதனைகள்

முதற்சோதனை: மற்ற எல்லாக் கருவிகளின் வைஃபையையும் நிறுத்திவிட்டு, ஒரே கைப்பேசியுடன் ரூட்டர் அருகில் நின்று, வேகத்தை அளக்கும் செயலியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு முறையும் இரவு 9 மணிக்கு ஒரு முறையும் அளத்தல் நன்று. அருகில் நின்றும் வேகம் இல்லையெனில், ரூட்டரை அணைத்துச் சற்று நேரம் கழித்து மீண்டும் இயக்கிப் பாருங்கள். அதன் பின்னரும் மாற்றமில்லையெனில், குறை பெரும்பாலும் வெளி இணைப்பில் இருக்கும். சிம் அட்டை இட்ட ரூட்டராயின் மாத அளவு தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். தீர்ந்தபின் வேகத்தைக் குறைத்துவிடும் திட்டங்கள் உண்டு. அத்தகைய ரூட்டரைக் கோபுரம் இருக்கும் திசையை நோக்கிய சன்னலருகே வைத்தலும் பயன் தரும். இரவில் மட்டும் வேகம் குறைந்தால், அந்நேரத்தில் பலர் ஒருங்கே பயன்படுத்தும் நெரிசல் காரணமாகலாம்.

இரண்டாம் சோதனை: அதே கைப்பேசியை எடுத்துக்கொண்டு பிள்ளை படிக்கும் இடத்தில் நின்று அளந்து பாருங்கள். ரூட்டர் அருகில் வேகம் இருந்து, இங்கே இல்லையெனில், குறை வைஃபை அலையில் உள்ளது. துத்தநாகத் தகடும் இரும்பு அலமாரியும் அலையைத் தடுக்கும். கற்சுவர் அதனைக் குன்றச் செய்யும். ஆகவே ரூட்டரைத் தொலைக்காட்சியின் பின்னோ மூலையிலோ ஒளித்து வைக்காமல், வீட்டின் நடுவே, உயரமான திறந்த இடத்தில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தொலைவு செல்லும். ஆயின் அண்டை வீட்டு ரூட்டர்களும் நுண்ணலை அடுப்பும் அதற்கு இடையூறு செய்யும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆயின் சுவரைக் கடக்கையில் விரைவில் குன்றும். அருகிலுள்ள கருவிக்குப் பின்னதும், தொலைவிலுள்ளதற்கு முன்னதும் ஏற்றவை. வரிசையாக ஒட்டியிருக்கும் லயன் வீடுகளில், 2.4 அலையின் 1, 6, 11 ஆகிய மூன்று வழிகளில் நெரிசல் குறைந்த ஒன்றை ரூட்டரில் தேர்ந்தெடுப்பது நலம்.

மூன்றாம் சோதனை: கருவிகளை ஒவ்வொன்றாக மீண்டும் இணைத்து, ஒவ்வொரு முறையும் அளந்து வாருங்கள். எந்தக் கருவியை இணைத்ததும் வேகம் சரிகிறதோ, அதனை ஆராயுங்கள். செயலிகளின் புதுப்பிப்பு, படங்களைச் சேமிப்பகத்திற்கு அனுப்புதல் ஆகியவை நம் கண்ணுக்குத் தெரியாமலே நடப்பவை. 500 மெகாபைட் புதுப்பிப்பு ஒன்று, 10 மெகாபிட் இணைப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், இறங்கி முடிய 400 நொடிகள் ஆகும். ஏனெனில் ஒரு பைட்டுக்கு 8 பிட். அனுப்பும் வேகம் பெரும்பாலும் பெறும் வேகத்தைவிடக் குறைவாதலின், படங்கள் மொத்தமாக மேலேறும்போது வகுப்பில் பிள்ளையின் குரலும் துண்டு துண்டாகும். இத்தகைய வேலைகளை உறங்கும் நேரத்திற்கு ஒதுக்கி வையுங்கள். தொலைக்காட்சிப் படத்தின் தரத்தை ஒரு படி குறைத்தாலே பாதிப் பங்கு மிச்சமாகலாம். அறியாத கருவி இணைந்திருப்பின், கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

எப்பொழுது செலவு செய்யலாம்?

ஒரே நேரத்தில் உண்மையாகத் தேவைப்படும் மெகாபிட்டுகளைக் கூட்டிப் பாருங்கள். அத்தொகை திட்டத்தின் அளவை மிஞ்சினால் மட்டுமே பெரிய திட்டம் பயன் தரும். அலை எட்டாமையே குறையெனில், கம்பி வழி இணைப்போ ரூட்டரின் இடமாற்றமோ முதலில் செய்யத்தக்கது. அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் பெருக்கிக் கருவி, ஒரே அலைவரிசையில் இரு வேலையும் செய்தால் வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும் என்பதை நினைவில் கொள்க. வெளி இணைப்பே குறையெனில், நாள், நேரம், அளவு ஆகியவற்றைக் குறித்த ஏட்டுடன் சேவை நிறுவனத்திடம் முறையிடுங்கள். வாய்ச்சொல்லைவிட எழுத்துச் சான்று வலிது.

மாணவர்களே! இச்சோதனைகளுக்கு ஒரு கைப்பேசியும் ஒரு பழைய பயிற்சி ஏடும் போதும். அளந்து எழுதும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அறிவியல் பாடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றிச் சோதிக்கக் கற்றீர்கள் அல்லவா? அம்முறையே இங்கும் பயன்படுகிறது.

பெற்றோர்களே! பிள்ளை படிக்கும் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியையும் காணொளியையும் நிறுத்திவைக்க வீட்டார் அனைவரும் உடன்படுவீர்களாயின், ஒரு வெள்ளியும் செலவின்றி அப்பிள்ளைக்கு அகன்ற வழி திறக்கும். பங்கிட்டு உண்ணும் பண்பு உணவுக்கு மட்டுமன்று, இணையத்திற்கும் உரியதே.