தோல் உடுப்புக்கு ஏன் வெயில் ஆகாது?

குழந்தைகளே, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் பந்தயத் தடம் ஒன்று இருக்கிறது. அங்கே பைக் ஓட்டும் வீரர்களைக் கவனித்துப் பாருங்கள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை தோல் உடுப்பு அணிந்திருப்பார்கள். வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது முட்டி தரையில் உரசும். அதற்காகவே முட்டியில் ஒரு பிளாஸ்டிக் வில்லை ஒட்டியிருக்கும்.

கொளுத்தும் வெயிலில் இவ்வளவு கனமான உடுப்பு எதற்கு? வண்டி சறுக்கி விழுந்தால் வீரர் தார்த்தரையில் தேய்ந்துகொண்டே வெகுதூரம் போவார். சாதாரணப் பருத்தித் துணி அந்த உரசலில் உடனே கிழிந்துவிடும். 1 மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமான தடிமன் உள்ள மாட்டுத்தோலோ தாக்குப்பிடித்து, உள்ளே இருப்பவரின் தோலைக் காப்பாற்றும்.

இதே உடுப்பைச் சோப்புத்தூள் போட்டுத் துவைத்து, மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டால் என்ன ஆகும்? விறைத்துப்போய், மடியும் இடங்களில் வெடித்துவிடும். அடுத்த முறை வீரர் விழும்போது அதை நம்ப முடியாது. ஏன் அப்படி ஆகிறது?

தோலுக்குள் என்ன இருக்கிறது?

தோல் முழுவதும் நுண்ணிய இழைகள். அவை கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. நம் உடம்பிலும் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் கொலாஜன் உண்டு. அதன் மூலக்கூறில் மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன. இந்த மூன்று சங்கிலி அமைப்பை 1954இல் உலகுக்குச் சொன்னவர்கள் யார் தெரியுமா? சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்தான்!

துணியில் நூல்கள் நெடுக்கும் குறுக்குமாக இரண்டு திசைகளில் மட்டும் ஓடும். தோலின் இழைகள் எல்லாத் திசைகளிலும் பின்னிக் கிடக்கும். அதனால் ஓரிடத்தில் கிழிசல் விழுந்தாலும் அது நேராக ஓட வழி கிடைக்காது.

பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். அதைப் பதனிட வேண்டும். ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றின் சாற்றில் ஊறவைத்துப் பதனிடுவது நம் பக்கத்துப் பழைய முறை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஊர்களில் இன்றும் தோல் பதனிடும் ஆலைகள் நிறைய உண்டு. இப்போது பெரும்பாலும் குரோமியம் உப்பைப் பயன்படுத்துகிறார்கள். குரோமியம் கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். ஈரமான பச்சைத்தோல் சுமார் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே சுருங்கிவிடும். குரோமியத்தில் நன்கு பதனிட்டது கொதிநீரையே தாங்கும்.

பதனிட்ட பிறகு இன்னொரு முக்கியமான வேலை உண்டு. எண்ணெயை நீரோடு கலந்து தோலுக்குள் ஊட்டுவார்கள். அந்த எண்ணெய் ஒவ்வோர் இழையின் மீதும் மெல்லிய படலமாகப் படியும். வெந்த சேவையில் எண்ணெய் விட்டுக் கிளறினால் உதிரி உதிரியாக நிற்கிறது. விடாவிட்டால் ஆறியதும் கட்டியாக ஒட்டிக்கொள்கிறது அல்லவா? தோல் இழைகளும் அப்படித்தான். எண்ணெய் இருக்கும்வரை அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், தோல் வளையும். எண்ணெய் போய்விட்டால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், வளைத்தால் முறியும்.

தோலுக்கு ஆகாதவை

வெயில்: ஈரத்தோல் வேகமாகக் காயும்போது, வெளியேறும் நீர் இழைகளை நெருக்கி இழுக்கிறது. இழைகள் ஒட்டிக்கொள்கின்றன, தோல் சுருங்குகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சாயத்தையும் வெளுக்கச் செய்யும்.

சோப்பு: சோப்பு மூலக்கூறின் ஒரு முனைக்கு நீர் பிடிக்கும், மறுமுனைக்கு எண்ணெய் பிடிக்கும். எண்ணெய் அழுக்கைப் பிடித்து நீரோடு இழுத்துப் போவது இப்படித்தான். ஆனால் அழுக்கு எண்ணெய் எது, தோலுக்குத் தேவையான எண்ணெய் எது என்று சோப்புக்குத் தெரியாது. இரண்டையும் இழுத்துவிடும். மேலும் பதனிட்ட தோல் இலேசான அமிலத் தன்மை உடையது; துணி சோப்போ காரத் தன்மை உடையது; இரண்டும் ஒத்துப்போகாது. பெட்ரோலால் துடைப்பதும் கூடாது. எண்ணெயை அது அப்படியே கரைத்துவிடும்.

வியர்வை: வியர்வையின் நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் இருக்கும் இடத்தில் பூஞ்சை வளரும். மழைக்காலத்தில் அலமாரியில் இருக்கும் பெல்ட்டில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் பூஞ்சை.

எப்படிச் சுத்தம் செய்வது?

முதலில் தோள், முழங்கை, முட்டிப் பகுதிகளில் செருகியிருக்கும் பாதுகாப்புப் பட்டைகளை எடுத்துவிட வேண்டும். மென்மையான பிரஷால் மணலைத் தட்ட வேண்டும். மணலோடு துடைத்தால் தோலின் மேற்பூச்சில் கீறல் விழும்.

வேகமாக வரும் பைக்கில் பூச்சிகள் மோதி, மார்பிலும் தோளிலும் ஒட்டிக் காய்ந்திருக்கும். சுரண்டக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சற்று நேரம் அதன் மேல் போட்டு வைத்தால் ஊறி, தானே வந்துவிடும். பிறகு தோலுக்கென்றே தயாரித்த மென்மையான சோப்பை ஈரத்துணியில் தொட்டுத் துடைத்து, மறுபடி நல்ல நீர்த்துணியால் துடைக்க வேண்டும். வியர்வை உப்பு போக, உட்புறத் துணியையும் துடைக்க வேண்டும்.

பிறகு அகலமான ஹேங்கரில் மாட்டி, நிழலில், காற்றோட்டத்தில் உலரவிட வேண்டும். முழுக்க உலர்ந்ததும் தோலுக்கான கண்டிஷனரைக் கொஞ்சமாகத் தடவினால், இழந்த எண்ணெய் திரும்பக் கிடைக்கும். அதிகம் தடவினால் தோல் தளர்ந்து, காற்று போகும் சிறு துளைகளும் அடைபடும். பிளாஸ்டிக் பையில் மூடி வைக்காமல், காற்றுப் படும்படி துணியுறையில் வைக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கேட்டு, ஒரே தோலில் வெட்டிய மூன்று சிறு துண்டுகள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். மற்ற இரண்டையும் பாத்திரம் துலக்கும் சோப்பில் நன்றாக அலசுங்கள். ஒன்றை நிழலிலும், மற்றொன்றைக் கடும் வெயிலிலும் காயவையுங்கள். இரண்டு நாள் கழித்து மூன்றையும் வளைத்துப் பாருங்கள். எது எளிதாக வளைகிறது? எது விறைத்திருக்கிறது? குறிப்பேட்டில் எழுதுங்கள். விறைத்த துண்டில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்து, மறுநாள் மீண்டும் வளைத்துப் பாருங்கள். மாற்றம் தெரிகிறதா?

உங்கள் தெருவில் பைக் ஓட்டும் அண்ணனோ அக்காவோ தோல் ஜாக்கெட்டை வெயிலில் தொங்கவிட்டிருந்தால், ஓடிப்போய் நிழலுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், உங்கள் மூன்று துண்டுகளையும் அவர்கள் கையில் கொடுத்து வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.